கண்ணாடி போடும் பையனுக்கு உறுத்தாத கண் பேட்ச் தைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். பையனுக்கு ஐந்து வயது. கண்ணாடிப் பவர் இடது கண்ணில் +5, வலது கண்ணில் +0.75. இடது கண் சோம்பேறிக் கண் என்று சொல்லி நாலு மாதம் முன்னால் கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை 6/24இலிருந்து 6/18க்கு முன்னேறியிருக்கிறது. இப்போது நல்ல கண்ணான வலது கண்ணைத் தினமும் 2 மணி நேரம் மூடச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுகிற பேட்ச் தோலை உரிக்கிறது. ஆன்லைனில் வாங்கிய துணி உறையைக் கண்ணாடியில் மாட்டினால் இடுக்கு வழியாகப் பார்க்கிறான். கடற்கொள்ளைக்காரன் மாதிரி எலாஸ்டிக் வைத்த பேட்சைக் கட்டினால் அதற்கு மேல் கண்ணாடி உட்காரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் ப்ளவுஸ் தைப்பவர், நானே தைத்துவிடுகிறேன், எப்படி வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி என்னவோ துணியைப் பற்றித்தான் இருக்கிறது, ஆனால் அவன் பிடுங்கிப் போடாமல், ஏமாற்றாமல், அந்த 2 மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் உங்கள் கவலை என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கண் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். 19 வருடமாகப் பவர் பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள்தான். தையல் எனக்குத் தெரியாது. நான் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை அக்கா இருக்கிறார், அவரை நச்சரித்து நச்சரித்துச் சுமார் நாற்பது பிள்ளைகளுக்குப் பேட்ச் தைத்து மாட்டிப் பார்த்திருக்கிறோம். அதனால் கீழே மருத்துவம் பற்றிச் சொல்வது ஆய்வுகளில் நிரூபணம் ஆனது, தையல் பற்றிச் சொல்வது எங்கள் கைப்பழக்கத்தில் வந்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. பேட்ச் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பேட்சும் கண்ணாடியும் ஒத்துப்போகவில்லை என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்சை மட்டும் ஒட்டிவிடுகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். +5 உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் மங்கலான படம்தான் போகும். இத்தனை நாள் அந்த மங்கலைப் பார்த்துத்தான் மூளை இடது கண்ணை ஒதுக்கி வைத்தது, திரும்பவும் அதையே காட்டி என்ன பயன்? எனவே கண்ணாடியோடு சேர்ந்து உட்காராத எந்தப் பேட்சும், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், உங்கள் பையனுக்கு உதவாது.

2 மணி நேரம் குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். குறைவில்லை. அமெரிக்காவில் பீடிக் என்ற பெயரில் குழந்தைகளின் கண் நோய்களை ஆராயும் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குட்பட்ட, நடுத்தர அளவு பாதிப்புள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தினம் 2 மணி நேரமும் மீதிப் பேருக்கு 6 மணி நேரமும் மூடச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். உங்கள் பையனின் 6/18 அந்த நடுத்தர வகைக்குள் வருகிறது. ஆனால் அந்த 2 மணி நேரம் உண்மையான 2 மணி நேரமாக இருக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். பிரிட்டனில் 2007இல் வந்த ஒரு ஆய்வில் பேட்சுக்குள் சின்ன மின்னணுக் கருவி வைத்து எவ்வளவு நேரம் போடுகிறார்கள் என்று அளந்தார்கள். 6 மணி நேரம் சொன்ன பிள்ளைகள் சராசரியாகப் போட்டது 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், 12 மணி நேரம் சொன்னவர்கள் போட்டது 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்தப் பெற்றோர் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. உறுத்துகிற ஒன்றை ஒரு பிள்ளையின் முகத்தில் எவ்வளவு நேரம்தான் வைத்திருக்க முடியும்? பேட்ச் உறுத்தினால் மருந்து குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சண்டை குறையும். பேட்ச் போட்டால் எழுத வேண்டும், கோர்க்க வேண்டும், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்கிற வேலைதான் செய்ய வேண்டும் என்று முன்பெல்லாம் நாங்களே கண்டிப்பாகச் சொல்லுவோம். 2008இல் அதே பீடிக் குழு அதையும் சோதித்தது, பக்கத்து வேலை செய்தவர்களுக்கும் தூரத்து வேலை செய்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் டிவி பார்த்தாலும் சரி, வாசலில் பந்து விளையாடினாலும் சரி, கண் திறந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சைக்கிளும் மாடிப்படியும் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம், தூரம் கணிப்பதில் தடுமாறுவான்.

இப்போது இடுக்கு வழியாகப் பார்ப்பதற்கு வருகிறேன். அவன் குறும்புக்காக அப்படிச் செய்யவில்லை, எண்களைப் பாருங்கள். வலது கண்ணில் +0.75தான். அந்த வயதில் அந்தப் பவருக்குக் கண்ணாடியே தேவைப்படாது, கண் தானாகச் சமாளித்துக்கொள்ளும். ஃப்ரேமுக்கு வெளியே ஒரு நூலளவு இடுக்கு கிடைத்தாலும் அது வழியாக வலது கண்ணுக்குத் தெளிவான படம் கிடைத்துவிடுகிறது. நல்ல கண்ணில் -6 உள்ள பிள்ளைக்கு அதே இடுக்கில் தெரிவது வெறும் மங்கல், அதனால் அது ஏமாற்றக் கஷ்டப்படாது. ஒரே கடையில் வாங்கிய ஒரே துணி உறை ஒரு பிள்ளைக்கு நன்றாக வேலை செய்து இன்னொரு பிள்ளைக்குப் பயனில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் பையனுக்குத் தைப்பதில் மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. கண்ணாடி லென்ஸின் பின்பக்கத்துக்கும் கருவிழிக்கும் நடுவில் இருக்கும் இடம் சாதாரணமாக 12 முதல் 14 மி.மீ., பிள்ளைகளுக்கு மூக்குப் பாலம் எழும்பாததால் அதைவிடவும் குறையும். இமை முடி அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், 8 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கிற நீள இமைக்காரப் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். மீதியிருக்கும் அந்த நாலைந்து மி.மீ. இடத்தில்தான் ஃபெல்ட், லைனிங், தையல் மடிப்பு எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கிறோம். திணித்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று துணி இமை முடியை மடக்கும், இல்லையென்றால் கண்ணாடி முன்னால் தள்ளிக்கொண்டு மூக்கு நுனிக்கு இறங்கும், பையன் ஃப்ரேமுக்கு மேலே பார்ப்பான்.

நாங்கள் முதன்முதலில் தைத்தது இந்தத் தப்பைத்தான். லென்ஸை முன்னும் பின்னும் மூடுகிற பை, உள்பக்கம் ப்ளவுஸ் கப் மாதிரி டார்ட் பிடித்து எடுப்பாக வைத்தது. மேஜையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. ஆறு வயதுப் பெண் ஒருத்திக்கு மாட்டி அனுப்பினேன், மறுநாள் காலையிலேயே கண்ணிலிருந்து நீர் வடிய வந்து நின்றாள். மேல் இமை முடி மொத்தமும் தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. லென்ஸ் முன்னாலிருந்து அழுத்தியதில் டார்ட் உள்வாங்கி, எடுப்பாக இருந்த துணி நேராகக் கண்ணுக்குள் புகுந்திருக்கிறது. துணியை நான் கையால் தொட்டுப் பார்த்திருந்தேன், லென்ஸ் அதை அழுத்தும் என்பதை யோசிக்கவில்லை. அந்த வாரமே முடிவு செய்தோம், லென்ஸுக்குப் பின்னால், கண்ணுக்கு நேராக, துணியே கூடாது.

அதனால் எங்கள் இப்போதைய வடிவம் இப்படி. லென்ஸின் முன்பக்கத்தை மட்டும் துணி மூடும், பின்பக்கம் வெறும் வளையம். ஷவர் கேப் தலையைச் சுற்றிப் பிடிப்பது போல அந்த வளையம் ஃப்ரேமின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஓரங்களிலிருந்து முகத்தை நோக்கிச் சிறகுகள், அதாவது இடுக்கை மறைக்கிற துணி மடல்கள், போகும். இமைக்கு முன்னால் காலி இடம் காலியாகவே இருக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் ஃப்ரேமைச் சரிபார்க்க வேண்டும், இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் பார்த்தவரை பேட்ச் உறுத்துகிறது என்று வருகிற பத்துப் பேரில் ஆறு ஏழு பேருக்குப் பிரச்சினை கண்ணாடியிலேயே இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுவிட்டு அவனைக் குனிந்து தரையைப் பார்க்கச் சொல்லுங்கள், தலையை லேசாக ஆட்டச் சொல்லுங்கள். கண்ணாடி வழுக்கினால் எந்தப் பேட்சும் நிற்காது. வாங்கிய கடைக்கே எடுத்துப்போனால் காதுக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துத் தருவார்கள், மூக்கில் உட்காரும் பேடையும் சரிசெய்வார்கள், பெரும்பாலும் காசுகூட வாங்க மாட்டார்கள். காதைச் சுற்றி முழுதாக வளையும் ரப்பர் கம்பி கிடைத்தால் இந்த வயதுக்கு அதுதான் உத்தமம், இல்லாவிட்டால் பின்னால் ஒரு பட்டை. உங்கள் பையன் விஷயத்தில் சின்ன அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. +5 லென்ஸ் நடுவில் தடித்து இருக்கும், இடது பக்கம் கொஞ்சம் கனம். பேட்ச் வலது பக்கம் ஏறுவதால் தராசு கிட்டத்தட்டச் சமன் ஆகிவிடும்.

இனித் தையல். கம்பியின் உள்பக்கத்தில் 42, 16, 125 என்கிற மாதிரி எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கு நடுவில் மூக்கு இருக்கும் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மி.மீ. கணக்கு. ஆனால் வடிவத்தை எண்ணை வைத்து வரையாதீர்கள், கண்ணாடியைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் ஃப்ரேமின் வெளி விளிம்பைச் சுற்றி வரையுங்கள். அதைச் சுற்றி 8 மி.மீ. விடுங்கள், 6 தையலுக்கு, 2 ஃப்ரேமின் தடிமனுக்கு. ஃப்ரேம் தடித்த பிளாஸ்டிக் என்றால் 10 விடலாம்.

முன்துண்டு மூன்று அடுக்கு. வெளியே அவனுக்குப் பிடித்த பூப் போட்டதோ கார் போட்டதோ ஏதோ ஒரு காட்டன், அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நடுவில் கருப்புப் பாப்ளின், பாவாடைக்குப் போடுகிறோமே அதுதான். லென்ஸைத் தொடும் உள்பக்கத்தில் பழைய பனியன் துணி, நிறம் கரும்பச்சை, கருநீலம் என்று அடர்த்தியாக இருந்தால் நல்லது. 2 பை 2 ரூபியா என்கிற மெல்லிய ப்ளவுஸ் துணியை நடுவில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், இரண்டு மடிப்பு வைத்தாலும் அது வெளிச்சத்தை விடும். எந்தத் துணியானாலும் செல்போன் டார்ச்சை அடியில் பிடித்து, துணிக்கும் டார்ச்சுக்கும் நடுவில் விரலை ஆட்டிப் பாருங்கள். விரலின் உருவம் தெரிந்தால் துணி போதாது. வெறும் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பேட்ச் முழுவதற்கும் இதே அளவுகோல்தான். வெளிச்சம் வரலாம், உருவம் வரக்கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் எல்லா ஓரத்தையும் தோலோடு இறுக்கி அடைக்க வேண்டும் என்ற பதற்றம் போய்விடும், காற்றும் கிடைக்கும்.

பின்வளையத்தை அதே வெளி அளவில் பனியன் துணியில் வெட்டி, நடுவில் துளை போடுங்கள், வளையம் 10 முதல் 12 மி.மீ. அகலம் மிச்சம் இருக்கட்டும். உள்விளிம்பை மடித்துத் தைக்க வேண்டாம், மடித்தால் அங்கே ஒரு மேடு வந்து கன்னத்தில் அழுத்தும். பனியன் துணி பிரியாது, அப்படியே விடலாம். மூக்குப் பேடு இருக்கும் இடத்தில் வளையத்தை வெட்டி விட்டுவிடுங்கள், பேடின் மேல் துணி ஏறினால் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கம்பி ஃப்ரேமோடு சேர்கிற கீல் பக்கத்தில் ஒரு காஜா, 12 மி.மீ. போதும். அதில் கம்பியை நுழைத்துக் கீல் வரை தள்ளி, பிறகு பையை லென்ஸின் மேல் இழுத்து மாட்ட வேண்டும். முதலில் வெல்க்ரோ வைத்துப் பார்த்தோம். அது தலைமுடியைப் பிடித்து இழுத்தது. அதைவிட மோசம், அந்த "க்ர்ர்ர்" சத்தம் பிள்ளைகளுக்கு அப்படிப் பிடித்துப் போய்விட்டது, நிமிஷத்துக்கு ஒருமுறை பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிறகுகளில்தான் உங்கள் கைத்திறன் தெரியும். முன்துண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்துத் தைக்க வேண்டும், முகத்தை நோக்கிப் பின்பக்கமாக நீளும்படி. கண்ணின் வெளி ஓரத்துச் சிறகு 35 முதல் 40 மி.மீ. நீளம், லென்ஸின் உயரமே உயரம், கம்பிக்கு வெளியே போகட்டும், உள்பக்கம் ஒரு சின்ன நூல் வளையம் வைத்துக் கம்பியில் கோர்த்துவிட்டால் விரியாது. கம்பிக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் அதைத் திணித்தால் ஒரு மணி நேரத்தில் தலைவலி என்பான். மேல் சிறகு 10 மி.மீ., புருவத்தை லேசாகத் தொட்டால் போதும். இது நேராக விறைத்து நிற்க வேண்டும் என்று கைவினைக்கு விற்கிற ஃபோம் ஷீட்டை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். வைக்கலாம், 2 மி.மீ. ஷீட் போதும், ஆனால் அதன் வெட்டிய விளிம்பு தோலைக் கோடு போடும், பனியன் துணியைச் சுற்றி மூடிவிடுங்கள்.

மூக்குச் சிறகுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், கடையில் வாங்கும் உறைகள் பெரும்பாலும் தோற்பதும் இங்கேதான். பிள்ளைகள் முதலில் கண்டுபிடிக்கிற இடுக்கு மூக்கு ஓரம். பையன் தலையை வலது பக்கம் திருப்பி, கண்ணை இடது பக்கம் ஓட்டிப் பார்ப்பான். உங்கள் பையன் டிவியைப் பார்க்கும்போது முகம் திரும்பியிருந்தால் அதுதான் நடக்கிறது. இந்தச் சிறகைப் பனியன் துணியில் இரண்டு மடிப்பாக, கிராஸாக வெட்டுங்கள், ப்ளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வெட்டுகிற அதே கிராஸ். நேர்த்துணியில் வெட்டினால் மூக்கின் சரிவில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே மூக்குப் பேடுக்கு மேலிருந்து ஆரம்பித்து, நடுவில் 12 முதல் 15 மி.மீ. அகலம் வந்து, புருவத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் தேய வேண்டும். கத்தரி இலை மாதிரி ஒரு வடிவம் வரும். தையல் மடிப்பு மூக்குத் தோலைத் தொடாமல் வெளிப்பக்கமாக இருக்கட்டும்.

அடிப்பக்கத்தில் சிறகு வைப்பதில்லை. சிரிக்கும்போது கன்னம் எழும்பும், அங்கே துணி இருந்தால் கண்ணாடி மொத்தமும் மேலே ஏறும். வேர்வையும் ஆவியும் போக வழி வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை மாதத்தில் பத்து நிமிஷத்தில் லென்ஸ் பனி படர்ந்துவிடும். தாடையைத் தூக்கி அடிவழியாகப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு, அப்படிச் செய்தால் மட்டும் மூக்கை ஒட்டிய பாதிக்கு 6 மி.மீ. குட்டிச் சிறகு ஒன்று.

தைத்து முடித்ததும் சோதனை. பேட்சோடு கண்ணாடியை மாட்டி, அவனுடைய இடது கண்ணை உங்கள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எத்தனை விரல் என்று கேளுங்கள். நேராக, மூக்குப் பக்கத்திலிருந்து, மேலிருந்து, கீழிருந்து. விளையாட்டாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். சரியாகச் சொன்ன திசையில் இடுக்கு இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பொடியன் எல்லாத் திசையிலும் சரியாகச் சொன்னான். எப்படி என்று குழம்பிப்போய்ப் பார்த்தால், நான் பொத்தியிருந்த கண்ணால் என் விரல்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் அம்மாதான் சொன்னார். என் உள்ளங்கையில் இடுக்கு!

பேட்ச் மாட்டும் முன் லென்ஸைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள், தூசியோடு துணி உரசினால் பாலிகார்பனேட் லென்ஸில் கீறல் விழும். தினமும் துவைக்க வேண்டும், அதனால் ஒன்று போதாது, மூன்று தைத்துக்கொள்ளுங்கள். மாட்டிவிட்டுக் கழற்றின பிறகு அந்தக் கண் சிவந்திருந்தால், நீர் வடிந்தால், இமை முடி மடிந்திருந்தால் அந்தப் பேட்சை நிறுத்துங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒளிக்கக்கூடாது. இடுக்கு விடாமல் மூடுவதில் தோலில் ஒட்டுகிற பேட்சை எந்தத் துணி பேட்சும் ஜெயிக்கவில்லை. ஆப்டிக்ளூட், ஆர்ட்டோபேட் மாதிரி ஒட்டும் பேட்சைக் கண்ணில் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி போடுவதுதான் வழக்கமான முறை, ஆய்வுகள் பெரும்பாலும் அதை வைத்தே செய்யப்பட்டவை. நாங்கள் தைத்த வடிவத்தை யாரும் அளந்து ஆய்வு செய்ததில்லை. அதனால் என் யோசனை, ஒட்டும் பேட்சை முழுதாகக் கைவிட வேண்டாம். தோல் ஆறும்வரை துணி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாற்றி. இதை உங்கள் கண் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தோல் உரிவதற்குப் பாதிக் காரணம் பிய்க்கிற விதம். செங்குத்தாக வெடுக்கென்று இழுக்காமல், ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்சைத் தன்மேலேயே மடித்துத் தோலை ஒட்டி மெதுவாக உரிக்க வேண்டும். குளிக்கும்போது வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு எடுத்தால் இன்னும் சுலபம். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவியும் எடுக்கலாம், ஆனால் எண்ணெய் கண்ணுக்குள் போகக்கூடாது. காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, பவுடரும் போட்டுவிட்டு, பேட்ச் ஒட்டவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை, பவுடரும் எண்ணெயும் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டுவதற்கு முன் முகம் கழுவி நன்றாக ஒற்றியெடுங்கள். தினமும் ஒரே கோணத்தில் ஒட்டாமல் கொஞ்சம் சாய்வை மாற்றினால் ஒரே இடத்துத் தோல் தினமும் அடிவாங்காது. தோலில் நீர் கசிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அது பசை ஒவ்வாமையாக இருக்கலாம், அப்போது ஒட்டும் பேட்சே வேண்டாம்.

எலாஸ்டிக் பேட்சைப் பற்றி ஒரே வரி: கண்ணாடிக்காரர்களுக்கு அது ஒத்துவராது. லென்ஸ் முன்னாலிருந்து அழுத்தும், எலாஸ்டிக் காதுக் கம்பியோடு சண்டை போடும். லென்ஸிலேயே ஸ்டிக்கரோ மங்கல் டேப்போ ஒட்டுவதும் உங்கள் பையனுக்கு இப்போதைக்குச் சரிவராது, ஃப்ரேமுக்கு மேலே பார்த்துவிடுவான்.

ஆனால் பெரியவர்களுக்கு அந்த டேப் அருமையான விஷயம். இதே கேள்வியின் கீழே ஒருவர் சர்க்கரை நோயுள்ள தன் அப்பாவுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, அவருக்கும் பேட்ச் தைக்கலாமா என்று கேட்டிருந்தார். என் மாமனாருக்கு இதே நடந்தது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது நரம்பு சர்க்கரையால் செயலிழந்து, ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாக வந்தது. பேட்ச் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க மாட்டேன் என்று பிடிவாதம். லென்ஸின் உள்பக்கத்தில் பளபளப்பில்லாத செலோடேப்பை லென்ஸ் வடிவத்துக்கே வெட்டி ஒட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் லேசாக மூச்சு படிந்த லென்ஸ் மாதிரித்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. மூன்று மாதத்தில் நரம்பு மீண்டது, டேப்பை உரித்தோம். சர்க்கரையால் வரும் இந்த வகை பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். ஆனால் திடீரென்று இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், டேப் அதற்குப் பிறகுதான். முகவாதம் வந்து கண் மூடாதவர்களுக்கு வீட்டில் தைத்த துணி பேட்ச் வைக்கவே கூடாது, திறந்திருக்கும் கருவிழியைத் துணி உரசிப் புண்ணாக்கிவிடும்.

உங்கள் பையனுக்குத் திரும்புகிறேன். எல்லாம் செய்தும் பேட்ச் ஒத்துவரவில்லை என்றால் அட்ரோபின் சொட்டு மருந்து என்று வேறு வழி இருக்கிறது, நல்ல கண்ணில் விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கலாக்குவது. நடுத்தரப் பாதிப்புக்கு ஆறு மாத முடிவில் பேட்சுக்கு இணையாகவே வேலை செய்ததாக 2002இல் பீடிக் ஆய்வு காட்டியது. கண்ணின் பாப்பா விரிந்து வெயில் கூசும், பக்கத்தில் படிக்கச் சிரமப்படும். அது டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டியது, நான் சொல்லி நீங்கள் வாங்க வேண்டியதில்லை. அதேபோல, நன்றாகப் பழகிவிட்டான் என்று 2 மணி நேரத்தை நீங்களாக 5, 6 என்று ஏற்றாதீர்கள், மூடுகிற நல்ல கண்ணின் பார்வையும் இறங்க வாய்ப்புண்டு, பரிசோதனைக்கு வரச்சொல்கிற தேதிகள் அதைப் பார்ப்பதற்கும்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, மாறுகண் இருக்கிறதா, இமை இறங்கியிருக்கிறதா என்று தெரியாமல்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கம்பியின் உள்பக்கத்து எண்ணையும், மூக்குப் பேடு ஃப்ரேமோடு ஒட்டினதா அல்லது தனியாகக் கம்பியில் நிற்பதா என்பதையும் எழுதுங்கள். தனிக் கம்பிப் பேடு என்றால் மூக்குச் சிறகின் அளவு கொஞ்சம் மாறும், அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்.